ஒரே படத்தில் இரண்டு மொழி!

முதல் தமிழ்ப் பேசும் படத்தை எடுத்த டைரக்டர் எச்.எம். ரெட்டியின் வாழ்க்கை

தமிழில் வந்த முதல் பேசும் படம் எது?

"காளிதாஸ்!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

சரி. அந்தப் படத்தில் கதாநாயகன் எந்த மொழியில் பேசினான்?

இங்கேதான் பெரியவர்களும் திகைப்பார்கள். கதாநாயகன் பேசியது தமிழ் அல்ல, தெலுங்கு!

கதாநாயகி தமிழில் கேட்பாள். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வான். அவள் மறுபடியும் தமிழில் பேசுவாள். அவன் மறுபடியும் தெலுங்கில் பேசுவான். கொட்டகையில் இருந்த ஜனங்கள் எழுந்து போய்விடவில்லை. கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

இப்படி ஒரு படத்தை எடுத்தவர் எச்.எம். ரெட்டி. தமிழ்ப் பேசும் படத்துக்கும் தெலுங்குப் பேசும் படத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டவர் அவரே. இன்று அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருத்தணிக்கு இது புதிதல்ல

இரண்டு மொழியில் பேச்சு நடப்பது மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் வேடிக்கையாக இருக்கலாம். திருத்தணிக்காரருக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

திருத்தணி மலையின் 365 படிகளில் ஓர் ஆடிக் கிருத்திகை நாளில் ஏறிப் பாருங்கள். முன்னால் போகிறவர் தமிழில் "அரோகரா" போடுவார். பின்னால் காவடி சுமந்து வருகிறவர் தெலுங்கில் முருகனைக் கூப்பிடுவார். கீழே கடைத் தெருவில் பூ விற்கும் அம்மாள் வந்தவரின் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் விலை சொல்வது என்று முடிவு செய்துவிடுவார். வடக்கே கொஞ்ச தூரம் போனால் நகரி. அது ஆந்திரம். தெற்கே அரக்கோணம். அது தமிழ்நாடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர் திருத்தணி.

இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் முதன்முதலில் பாடத் தொடங்கியது இங்கேதான் என்பார்கள். முருகப் பெருமான் ஒரு முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டாராம். உடனே பாட்டு பிறந்ததாம். ஆக, திருத்தணி வாய் திறந்து பாட வைத்த ஊர்.

எச்.எம். ரெட்டி வாய் திறக்க வைத்தது ஒரு மனிதரை அல்ல. தென்னாட்டு சினிமாவையே அவர் வாய் திறக்க வைத்தார்!

போலீஸ்காரர் சினிமாக்காரர் ஆனார்

ரெட்டி பிறந்தது பெங்களூரில். படித்ததும் அங்கேதான். படிப்பு முடிந்ததும் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது.

அது வெள்ளைக்காரர் ஆட்சி. போலீஸ் உத்தியோகம் என்றால் ஊரே மரியாதை கொடுக்கும். ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகளின் மிடுக்கும் ஏளனமும் ரெட்டிக்குப் பிடிக்கவில்லை. "போதும் இந்த உத்தியோகம்" என்று விட்டுவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதன்பிறகு ஐதராபாத்துக்குப் போய் ஆசிரியராக வேலை பார்த்தார். அந்த ஊரில் பிளேக் நோய் பரவியது. பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு இளவயது கடந்துவிட்டது. அந்த வயதில் பலர் "இனி என்ன புதிதாகக் கற்றுக்கொள்வது?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். ரெட்டி உட்காரவில்லை. சினிமா ஸ்டூடியோவில் புகுந்தார். படம் பிடிக்கும்போது நடிகர்கள் முகத்தில் வெயில் படும்படி பளபளப்பான தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலைதான் முதலில் கிடைத்தது. வாத்தியார் வேலை பார்த்தவர், தட்டி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்!

படிப்படியாகத் தொழிலைக் கற்றார். ஒரு நாள் அவரே டைரக்டர் ஆனார். 1930-ல் அவர் எடுத்த ஊமைப் படத்தில் பிருத்விராஜ் கபூர் நடித்தார். பிற்காலத்தில் இந்தி சினிமாவில் கொடி கட்டிப் பறந்த ராஜ் கபூரின் தந்தை இவர்தான்.

ஊமைப் படம் என்றால் என்ன?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊமைப் படம் என்றால் விளங்காது. பாட்டன்மாரைக் கேட்டால்கூட இப்போது பார்த்தவர் கிடைப்பது அரிது.

ஊமைப் படத்தில் ஆட்கள் நடப்பார்கள், ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், அழுவார்கள். வாய் அசையும். சத்தம் வராது. நடுநடுவே எழுத்துப் போட்ட அட்டை வரும். படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

அதற்காகவே கொட்டகையில் ஓர் ஆள் இருப்பார். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதோ வருகிறான் பார் துரியோதனன்! கண்ணைப் பார், பொறாமையைப் பார்!" என்று உரத்த குரலில் கதை சொல்வார். அவர் எந்த மொழியில் சொல்கிறாரோ, அதுதான் படத்தின் மொழி. தமிழ் ஊரில் தமிழ்ப் படம். தெலுங்கு ஊரில் அதே படம் தெலுங்குப் படம்!

ஆகவே ஊமைப் படத்துக்கு மொழித் தகராறு கிடையாது. படம் பேசத் தொடங்கியபோதுதான் "எந்த மொழியில் பேசுவது?" என்ற கேள்வி வந்தது.

பம்பாயில் பிறந்த பேச்சு

1931-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி. பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் "ஆலம் ஆரா" வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படம் அது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அவருடைய கம்பெனி இம்பீரியல் பிலிம் கம்பெனி.

அந்தப் படம் எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் ரயில் சத்தம் ஓயாது. மைக் அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆகவே ஊர் உறங்கி, ரயில் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு தாண்டி ஒரு மணியில் இருந்து நாலு மணிக்குள் படம் பிடித்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் எங்காவது ஒளித்து வைத்தார்கள். நடிப்பவரேதான் பாட வேண்டும். அங்கேயே, அப்போதே பாட வேண்டும். வேறு ஒருவர் பாட, நடிகர் வாயசைக்கும் வழக்கம் பிறகு வந்தது.

படம் சக்கைப்போடு போட்டது. டிக்கெட் வாங்க ஜனங்கள் முட்டி மோதினார்கள்.

இரானி வியாபாரம் தெரிந்தவர். இந்திப் படம் இப்படி ஓடினால், தென்னாட்டு மொழியில் ஒரு படம் எடுத்தால் என்ன என்று யோசித்தார். அந்த வேலையை யாரிடம் கொடுப்பது? தென்னாட்டில் இருந்து வந்து, தன் கம்பெனியில் தொழில் பழகிய ரெட்டி இருக்கிறாரே! "நீங்கள் எடுங்கள்" என்று ஒப்படைத்தார்.

மாடு மேய்ப்பவன் மகாகவி ஆன கதை

ரெட்டி எடுத்துக்கொண்ட கதை காளிதாசன் கதை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஓர் அரசகுமாரி. பெயர் வித்யாதரி. மந்திரி தன் மகனை அவளுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் மறுக்கிறாள். மந்திரிக்குக் கோபம். "உனக்கு ஒரு முட்டாளைக் கட்டிவைக்கிறேன் பார்" என்று கறுவுகிறான். ஆள் தேடுகிறான். ஒருவன் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அதன் அடியையே வெட்டிக்கொண்டிருக்கிறான்! மாடு மேய்க்கிறவன். அவனைப் பிடித்து வந்து, வேஷம் போட்டு, மேதாவி என்று ஏமாற்றிக் கல்யாணம் செய்துவைக்கிறான் மந்திரி. உண்மை தெரிந்ததும் அரசகுமாரி கதறுகிறாள். காளியிடம் முறையிடுகிறாள். காளி அருள் செய்கிறாள். மாடு மேய்த்தவன் மகாகவி ஆகிறான்.

யோசித்துப் பாருங்கள். பேசத் தெரியாதவன் வாக்கு வல்லவனான கதை. அதுவரை ஊமையாக இருந்த தமிழ் சினிமா, வாய் திறந்த முதல் நாளில் சொன்னது இந்தக் கதையைத்தான்!

கதாநாயகியாக டி.பி. ராஜலட்சுமி நடித்தார். திருவையாற்றில் பிறந்தவர். நாடக மேடையில் பேர் வாங்கியவர். நல்ல குரல். காளிதாசனாக நடித்தவர் பி.ஜி. வெங்கடேசன். கோவில் பூசாரியாக வந்தவர் எல்.வி. பிரசாத் என்ற தெலுங்கு இளைஞர்.

வெங்கடேசனுக்குத் தமிழ் வசனம் சரளமாக வரவில்லை. "அப்படியானால் தெலுங்கிலேயே பேசட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பிரசாத் இந்தியில் பேசினார். ஆக, ஒரே படத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் கலந்தன. "ஆலம் ஆரா"வுக்காகப் போட்ட காட்சி ஜோடனைகளையே இந்தப் படத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். எட்டே நாளில் படப்பிடிப்பு முடிந்ததாகச் சொல்வார்கள். செலவு ஏறத்தாழ 8,000 ரூபாய் என்றும், வசூல் 75,000 ரூபாய் என்றும் சினிமா வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

படப்பெட்டிக்கு ஊர்வலம்!

பம்பாயில் எடுத்த படம் சென்னைக்கு வரவேண்டும். ரயிலில்தான் வரவேண்டும்.

பம்பாயில் இருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதை எந்த வழி? கடப்பை, ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழி! திருத்தணி ஸ்டேஷனைத் தாண்டித்தான் அந்தப் பாதையில் எந்த ரயிலும் சென்னைக்குப் போக வேண்டும். மலை மேல் முருகன் நிற்க, கீழே ரயில் ஓடும் ஊர் இது.

படப்பெட்டி சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. அங்கே ஒரு பெருங்கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. யாரைப் பார்க்க? நடிகரையா, நடிகையையா? பெட்டியைப் பார்க்க!

பெட்டியை ஊர்வலமாக எடுத்துக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு வழியாகப் போனார்கள். ஜனங்கள் பூ இறைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஊதுவத்தி கொளுத்தினார்கள். சாமி புறப்பாட்டுக்கு என்ன செய்வார்களோ, அதை எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குச் செய்தார்கள். உள்ளே இருப்பது வெறும் பிலிம் சுருள் என்று அவர்கள் நினைக்கவில்லை. நம் ஆட்கள், நம் பேச்சு என்று நினைத்தார்கள்.

1931 அக்டோபர் 31-ந் தேதி, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் "காளிதாஸ்" திரையிடப்பட்டது. இந்தத் தியேட்டர் பிற்காலத்தில் என்ன பெயர் பெற்றது தெரியுமா? முருகன் டாக்கீஸ்!

கொட்டகையில் என்ன நடந்தது?

இரண்டு மொழியில் பேசினால் ஜனங்கள் சிரித்திருக்க மாட்டார்களா என்று இன்று கேட்கத் தோன்றும்.

அந்தக் காலத்துச் சென்னையை நினைத்துப் பாருங்கள். இன்றைய தமிழ்நாடும், ஆந்திரத்தின் பெரும்பகுதியும், மலையாளம், கன்னடம் பேசும் சில ஜில்லாக்களும் சேர்ந்ததே அன்றைய சென்னை ராஜதானி. கடைத் தெருவில், கோர்ட்டில், ரயிலில் எங்கும் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். கச்சேரி மேடையில் வித்துவான் தெலுங்கில் தியாகராஜ கீர்த்தனை பாடுவார். தமிழ் ரசிகர் தாளம் போடுவார். "அர்த்தம் புரியவில்லை" என்று யாரும் எழுந்து போனதில்லை.

"காளிதாஸ்" படத்திலும் ராஜலட்சுமி தியாகராஜ கீர்த்தனைகளைப் பாடினார். அதோடு இன்னொன்றும் செய்தார். கதைக்குச் சம்பந்தமே இல்லாத தேசபக்திப் பாட்டும் பாடினார்! காந்தியடிகளின் ராட்டினத்தைப் புகழும் பாட்டு அது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றியது. அரசகுமாரி எதற்காக ராட்டினத்தைப் பற்றிப் பாட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1931-ல் அப்படிப் பாடினால் கொட்டகையில் கைதட்டல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? வெள்ளைக்கார அதிகாரியின் கீழ் வேலை பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்தவர் எடுத்த படம் அல்லவா!

அடுத்து பிரகலாதன்

தமிழுக்குத் தெலுங்கு துணை நின்றது. தெலுங்குக்கு என்று தனியாக ஒரு படம் வேண்டாமா?

"பக்த பிரகலாதா" என்ற படத்தை ரெட்டி எடுத்தார. அது முழுக்க முழுக்கத் தெலுங்கு. தெலுங்கின் முதல் முழுப் பேசும் படம் அதுவே. ஆந்திர நாட்டில் புகழ் பெற்ற சுரபி நாடகக் குழுவினர் நடித்தார்கள். சுரபி கமலாபாய் பிரகலாதனின் தாயாக வந்தார். பூசாரியாக நடித்த அதே எல்.வி. பிரசாத், இந்தப் படத்தில் பிரகலாதனோடு படிக்கும் மந்தப் பையனாக வந்தார்.

இந்தப் படம் 1931 செப்டம்பரில் வந்தது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய பத்திரிகைகளையும் தணிக்கைத் தாள்களையும் புரட்டி ஆராய்ந்தபோது, வெளியான தேதி 1932 பிப்ரவரி 6 என்று தெரிந்தது. ஒரு தேதியைத் திருத்துவதற்கே இத்தனை பாடு. பழைய பத்திரிகை ஒன்றின் அருமை இதில் இருந்து விளங்கும்.

ரெட்டி கை தொட்டவர்கள்

ரெட்டியின் பெயர் மறந்து போயிருக்கலாம். அவர் கையால் சினிமாவுக்கு வந்தவர்களின் பெயர்களைக் கேட்டால், உங்கள் வீட்டில் எல்லோரும் "ஓ, தெரியுமே!" என்பார்கள்.

முதலில் எல்.வி. பிரசாத். ஏலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1908-ல் பிறந்தவர். கையில் காசில்லாமல் பம்பாய்க்குப் போனவர். தையல் கடையில் எடுபிடியாக இருந்தவர். இந்தி, தமிழ், தெலுங்கு மூன்று மொழிகளின் முதல் பேசும் படங்களிலும் முகம் காட்டியவர் அவர். அந்த எடுபிடிப் பையன்தான் பிறகு "மனோகரா", "மிஸ்ஸியம்மா" படங்களை டைரக்ட் செய்தார். சென்னையில் பிரசாத் ஸ்டூடியோவை உண்டாக்கினார். 1982-ம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருது பெற்றார்.

அடுத்தவர் டி.பி. ராஜலட்சுமி. அவர் நடிப்போடு நிற்கவில்லை. 1936-ல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். தமிழில் படம் டைரக்ட் செய்த முதல் பெண் அவர்!

மூன்றாமவர் நாகையா. "சித்தூர் நாகையா" என்றால்தான் பலருக்குத் தெரியும். ரெட்டி 1938-ல் எடுத்த "கிருகலட்சுமி" படத்தில்தான் நாகையா முதன்முதலில் சினிமாவில் தோன்றினார். பிறகு "அசோக்குமார்", "மீரா" முதலிய தமிழ்ப் படங்களில் அவர் நடித்ததும், "தியாகய்யா"வாகவே வாழ்ந்து காட்டியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அதே சித்தூர் ஜில்லாவில்தான் அப்போது திருத்தணியும் இருந்தது.

நான்காவது செய்தி பலருக்கு ஆச்சரியம் கொடுக்கும். 1951-ல் ரெட்டி "நிர்தோஷி" என்று ஒரு தெலுங்குப் படம் எடுத்தார். அது தமிழில் "நிரபராதி" என்று வந்தது. தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்குத் தமிழில் குரல் கொடுக்க நல்ல உச்சரிப்புள்ள ஒரு நாடக நடிகர் தேவைப்பட்டார். வந்து பேசிக் கொடுத்தவர் யார் தெரியுமா? சிவாஜி கணேசன்! "பராசக்தி" வெளியாவதற்கு முந்தின ஆண்டு அது. சிவாஜியின் முகத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே, அவர் குரலை ஜனங்கள் கேட்டுவிட்டார்கள். அதுவும் ரெட்டியின் படத்தில்தான்.

முதல் படத்தில் தெலுங்கு நடிகருக்குத் தமிழ் வராததால் தெலுங்கிலேயே பேச வைத்தார். இருபது ஆண்டுக்குப் பிறகு தெலுங்கு நடிகருக்குத் தமிழ்க் குரலை இரவல் வாங்கிக் கொடுத்தார். சினிமா எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டுமா?

கோடு போட்ட ஆண்டு

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும் ஆந்திரத்தோடு போயிற்று. திருத்தணியும் போயிற்று.

தமிழர்கள் பெருவாரியாக வாழும் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்தது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று போராடினார்கள். பலர் சிறை சென்றார்கள். கடைசியில் எச்.வி. படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராக வைத்து எல்லை பேசி முடிக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குத் தெலுங்கு பேசும் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

அதே 1960-ம் ஆண்டு, ஜனவரி 14-ந் தேதி எச்.எம். ரெட்டி காலமானார். இரண்டு மொழியையும் ஒரே பிலிமில் ஓட்டிய மனிதர் கண்ணை மூடி மூன்று மாதம் ஆவதற்குள், இரண்டு மொழிக்கும் நடுவே கோடு போட்டாகிவிட்டது.

கோடு போட்டது நியாயமே. அவரவர் மொழியில் அவரவருக்கு ஆட்சி வேண்டும். அதற்காகத்தானே திருத்தணிக்காரர்கள் போராடினார்கள்! ஆனாலும் மலைக்கு வரும் தெலுங்குக் காவடிகள் நின்றுவிடவில்லை. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் வந்து ஒவ்வொரு படியாகக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஏறுகிறார்கள்.

படம் எங்கே?

"காளிதாஸ் படத்தை இப்போது பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள்.

முடியாது! ஒரு சுருள்கூட மிச்சம் இல்லை. தேங்காய் உடைத்து, பூ இறைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோன படம் அடியோடு அழிந்துவிட்டது. விளம்பரங்கள், சில போட்டோக்கள், பத்திரிகைச் செய்திகள் இவைதான் மிச்சம்.

எப்படி அழிந்தது? அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட் என்ற ரசாயனப் பொருளால் ஆனது. லேசில் தீப்பற்றும். வெயிலில் இளகும். நாளடைவில் தானே பொடிந்து போகும். அதில் கொஞ்சம் வெள்ளியும் உண்டு. ஓடி முடிந்த படத்தை யாரும் மதிக்கவில்லை. வெள்ளிக்காகப் பழைய படங்களை எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

"ஆலம் ஆரா"வும் இல்லை. நம் வேலூர்க்காரர் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னாட்டின் முதல் ஊமைப் படமான "கீசகவத"மும் இல்லை. இந்தியாவில் எடுத்த ஊமைப் படங்கள் 1,300 அளவு இருக்கும் என்பார்கள். அவற்றில் மிஞ்சியவை மிகச் சிலவே.

இது நம் நாட்டுக் குறை மட்டும் அல்ல. சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பெர்சி ஸ்டோ என்று ஒரு டைரக்டர் இருந்தார். 1901 முதல் 1916 வரை 200-க்கும் மேற்பட்ட குட்டிப் படங்களை எடுத்துத் தள்ளினார். ஒவ்வொன்றும் சில நிமிஷம்தான் ஓடும். 1903-ல் அவரும் செசில் ஹெப்வொர்த் என்பவரும் சேர்ந்து "ஆலிஸ் கண்ட அதிசய உலகம்" கதையைப் படமாக்கினார்கள். அந்தப் படத்தில் சேதமான ஒரே ஒரு பிரதி மிஞ்சியது. அதைப் பக்குவமாகச் சீர்படுத்தி, இன்று உலகமே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அவருடைய மற்றப் படங்களில் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

வழக்கால் பிழைத்த படம்

எல்லாம் போய்விடவில்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு.

1933-ல் "மார்த்தாண்ட வர்மா" என்ற ஊமைப் படம் நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரிப்பில் வந்தது. கதையின் உரிமை யாருக்கு என்று புத்தகம் வெளியிட்டவர் வழக்குப் போட்டார். படம் முடக்கப்பட்டுப் புத்தகக் கடைக்காரர் கைக்குப் போயிற்று. பெட்டி மூலையில் கிடந்தது. 1974-ல் திருவனந்தபுரத்தில் அந்தப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது. புனாவில் 1964 முதல் இயங்கிவரும் தேசிய திரைப்படக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. வெற்றிகரமாக ஓடிய படங்கள் எல்லாம் தேய்ந்து அழிந்தன. ஓடாமல் முடங்கிய படம் பிழைத்தது!

ஆகவே எந்த மூலையில் எது கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் இருக்கலாம். ஓரம் கிழிந்த நோட்டீஸ் இருக்கலாம். மூடிய டெண்டுக் கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் துருப்பிடித்த பிலிம் டப்பா இருக்கலாம். வீட்டைச் சுத்தம் செய்யும்போது "குப்பை" என்று பழைய பேப்பர்க் கடையில் போடுவதற்கு முன், ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். தேதியைப் படியுங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிலிமாக இருந்தால் மட்டும் நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

தமிழ் சினிமா முதன்முதலில் பேசிய நாளில், தனியாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டு மொழியையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்து பேசியது. அந்தப் பேச்சைக் கேட்க இப்போது நமக்கு வழி இல்லை. பேச வைத்தவரின் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்: எச்.எம். ரெட்டி.